கடல்வரை போய் வந்த நுரையீரல்

சொரோச்சே என்கிற மலைக்காற்று நோய் வெளியூர்க்காரர்களுக்குத்தான் வரும். எங்கள் சாக்ராபம்பாவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சுரங்கத்துக்கு வரும் பொறியாளர், ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர், துணி விற்க வரும் வியாபாரி, எல்லோரும் என் வண்டியில் ஏறும்போது வாய் ஓயாமல் பேசுவார்கள். மேட்டுக்கு வந்ததும் முகம் வெளுத்து, தலையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுப்பார்கள். நான் வண்டியை நிறுத்த மாட்டேன். "மெல்ல மூச்ச விடுங்க, ஒண்ணும் செத்துற மாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டைச் சத்தமாக வைப்பேன். கீழே உவானுக்கோ பள்ளத்தாக்குக்கும் மேலே எங்கள் ஊருக்கும் வண்டி ஓட்டியே எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. இத்தனை காலத்தில் ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்த டாக்டர் நோர்கா பியூராக்காரி. கடலோர ஊர். வெயிலும் எலுமிச்சையும் மீனுமாக வளர்ந்த பெண். படித்து முடித்த கையோடு ஒரு வருடம் மலையில் வேலை பார்க்க வேண்டும் என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள், அல்லது அவள் தலையில் எங்களைக் கட்டிவிட்டார்கள். வந்து மாதங்கள் ஆகியும் அவளுக்கு மேடு பழகவே இல்லை. தேவாலயப் படியேறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க மாட்டாள். "வலி எங்க..." என்பாள், மூச்சு வாங்குவாள், "...இருக்கு?" என்பாள். ஊரில் அவளுக்கு 'அரைவாக்கியம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைச் சந்தை வரைக்கும் கொண்டுபோனவர்களில் நானும் ஒருத்தி.

என் தம்பி செனோபியோ சாக்ஸபோன் வாசிப்பவன். இப்போலித்தோ மாமாவின் வாத்தியக் குழுவில் அவன்தான் முதல் வாத்தியக்காரன். மாமா அவனுக்கு ஞானத்தந்தையும்கூட. பெற்றவர்கள் போன பிறகு அவனுக்கு நானும் மாமாவும்தான். கடலோரத் தலைநகர் லிமாவில் குடியேறிய எங்கள் ஊர்க்காரர்கள் ஞாயிறுதோறும் கூட்டம் போட்டு ஆடுவார்கள். அவர்களுக்கு வாசிக்க ஏப்ரலில் போனவன், மே மாதச் சிலுவைத் திருவிழாவுக்கு முதல்நாள் பேருந்தில் வந்து இறங்கினான். பல வாரம் கடற்கரையில் இருந்ததில் கன்னம் உப்பி, சிரித்துக்கொண்டு வந்தான்.

எங்கள் வாத்தியக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலோரம் போய்த் திரும்பியவன், திருவிழா நுழைவு ஊர்வலம் முழுவதையும் இடையில் வாயை எடுக்காமல் ஊத வேண்டும். 'நெஞ்சைத் திரும்ப வாங்குவது' என்று அதற்குப் பெயர். வாங்காதவனை வருடம் முழுக்க ஓட்டித் தள்ளுவார்கள்.

"என்னடா, கடல்காத்து குடிச்சு நெஞ்சு பஞ்சாப் போச்சா?" என்றார் இப்போலித்தோ மாமா, நாலு பேர் கேட்க.

"உங்க பொக்கைவாய் கிளாரினெட்டை விட நல்லாத்தான் இருக்கு மாமா."

"அப்ப ஊது பாப்போம். சிலுவைக் குன்று வரைக்கும்."

ஊதினான். சரிகை உடையும் முகமூடியுமாகச் சோங்கினாதா ஆட்டக்காரர்கள் முன்னால் போக, பின்னால் இவன் கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டே குன்று ஏறினான். நடுவில் ஆலங்கட்டி மழை கொட்டியது. அப்போதும் வாயை எடுக்கவில்லை. ஊரே கைதட்டியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் இருமினான். ஆலங்கட்டியில் நனைந்த சளி என்றோம். சாராயம் ஊற்றிய சூடான கோக்கா இலைத் தண்ணீர் கொடுத்தோம். அதற்கடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு ஊதா மக்காச்சோளத்தின் நிறத்தில் இருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ கொதிக்கிற மாதிரி சத்தம், வாசல்வரை கேட்டது. துப்பினான். வெளிர் சிவப்பு நுரை. மாமாவும் நானும் ஆளுக்கொரு தோளாகத் தாங்கி அவனைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனோம்.

நோர்கா முதலில் அவன் விரலில் சிறிய கருவியை மாட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. உடனே ஆக்சிஜன் முகமூடியை அவன் மூக்கில் வைத்து உருளையைத் திறந்தாள். முதுகில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்துக் கேட்டாள். மாத்திரை ஒன்றை விழுங்க வைத்தாள். பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இது... சொரோச்சே. நுரையீரல்ல... தண்ணி கட்டிருச்சு."

இப்போலித்தோ மாமா, அந்த நிலைமையிலும், சிரித்துவிட்டார். "டாக்டரம்மா, அது உங்க வியாதி. இவன் இங்க பொறந்தவன். இவன் பாட்டன் பூட்டன் எல்லாம் இங்க பொறந்தவங்க. இவனுக்கு எங்கேர்ந்து சொரோச்சே? சளிதான் முத்திப் போச்சு. ஊசி இருந்தா போடுங்க."

"காய்ச்சல் பெருசா இல்ல... மாமா. இது சளி இல்ல."

"படிக்கட்டு ஏற முடியாத பொண்ணு எங்களுக்குச் சொரோச்சே பாடம் எடுக்குது, கேட்டியா எடெல்மிரா?"

அவள் கோபப்படவில்லை. கோபப்படவும் மூச்சு வேண்டுமே. தன் காதிலிருந்த குழாயைக் கழற்றி என் காதில் மாட்டி, மறுமுனையைத் தம்பியின் முதுகில் வைத்தாள். கேட்டேன். வாணலியில் கொழுப்பு பொரிகிற சத்தம். ஒவ்வொரு மூச்சிலும் பொரிந்தது. என் தம்பி தன் சொந்த உடம்புத் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தான், காய்ந்த மலையின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு.

"ஏன்?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். துண்டு துண்டாகத்தான் சொன்னாள். நுரையீரலுக்குள் மயிரிழை போல ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எந்த மூலைக்குக் காற்று சரியாக வரவில்லையோ அந்த மூலைக்குப் போகும் குழாய் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரத்தம் அங்கே போய் வீணாகாமல், நல்ல காற்று இருக்கிற பக்கம் திரும்பிவிடும்.

நான் வண்டிக்காரி. எனக்கு உடனே புரிந்தது. ஒரு பாதையில் மண் சரிந்தால் காவலர்கள் அதை மூடி, லாரிகளை வேறு பாதையில் திருப்பி விடுவார்கள். அதேதான். தூங்கும்போதுகூட என் நெஞ்சுக்குள் யாரோ நின்று பாதையைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்ததும், அந்த அவசரத்திலும் எனக்குப் புல்லரித்தது.

"இங்க மேல... எல்லா மூலையிலும் காத்து கம்மி" என்றாள். "அதனால எல்லாக் குழாயும்... இறுக்கும். உங்களுக்குப் பொறந்ததுலேர்ந்தே பழக்கம். குழாய்ச் சுவர் தடிச்சு... பலமா இருக்கும். கடலுக்குப் போனா... அது தளர்ந்து ஓய்வெடுக்கும். திடீர்னு மேல வந்தா... அத்தனையும் ஒரே நேரத்துல இறுக்கும். எங்களை விட... பலமா. மூடாம விட்ட குழாய்ல... ரத்தம் முட்டிக்கிட்டு போகும். தண்ணி கசியும்."

எல்லாப் பாதையையும் மூடிவிட்டு மிச்சமிருக்கும் ஒற்றைச் சந்தில் அத்தனை லாரியையும் விட்டால் சந்து என்ன ஆகும்? அதுதான் அங்கே பொரிந்துகொண்டிருந்தது. அவன் இங்கே பிறந்தவன் என்பதால்தான் இவ்வளவு பலமாக வந்திருக்கிறது. அதன் மேல் நாங்கள் அவனைக் குன்றேற விட்டு, வாயை எடுக்காமல் ஊதவும் வைத்திருக்கிறோம்.

"இப்ப என்ன செய்யணும்?"

"கீழ... போகணும். இப்பவே."

ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்காகச் செர்ரோவுக்குப் போயிருந்தது. ஆக்சிஜன் உருளை ஒன்றுதான், அதிலும் பாதிக்குக் கீழே. என் வண்டியின் பின் இருக்கையில் தம்பியை நிமிர்த்தி உட்கார வைத்தோம். பக்கத்தில் நோர்கா உட்கார்ந்து உருளையை மடியோடு அணைத்துக்கொண்டாள். முன்னால் மாமா, மடியில் சாக்ஸபோனோடு. அதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

எங்கள் ஊர்ச் சாலை நெடுஞ்சாலையில் போய் முட்டும். வலது பக்கம் திரும்பினால் கணவாய் ஏறிச் செர்ரோ. எங்கள் பிறப்பு, இறப்பு, எலும்பு முறிவு எல்லாவற்றுக்கும் நாங்கள் போகிற பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான். இடது பக்கம் திரும்பினால் இறக்கம். உவானுக்கோ வரை இறக்கம்தான், ஆனால் தூரம் அதிகம்.

"வலது பக்கம் திருப்பு" என்றார் மாமா.

"இடது..." என்றாள் நோர்கா.

"பைத்தியமா? செர்ரோ கிட்டக்க இருக்கு. அங்க ஆக்சிஜன் இருக்கு. பெரிய டாக்டருங்க இருக்காங்க. எடெல்மிரா, நீயாச்சும் சொல்லும்மா. இவன் என் புள்ளடி!"

"கணவாய் ஏறி முடிக்கற வரைக்கும்... உருளை தாங்காது" என்றாள் நோர்கா. "மேல ஏற ஏற... இன்னும் இறுக்கும். கீழ போனா... ஒவ்வொரு வளைவும்... ஒரு உருளை."

நான் முச்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பின்னால் கொதிக்கிற சத்தம். தப்பான பக்கம் திருப்பினால் என் தம்பி என் வண்டியிலேயே போய்விடுவான். எனக்கு யாரை நம்புவதென்று தெரியவில்லை.

அப்போது என் பயணிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஜன்னலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பிணம் மாதிரி என் வண்டியில் கீழே இறங்கிய எத்தனையோ வெளியூர்க்காரர்கள். உவாரியாக்கா பாலம் வந்தால் ஒவ்வொருவராகக் கண் திறப்பார்கள். "இங்க சாப்பிட என்ன கெடைக்கும்?" என்று கேட்பார்கள். தவறாமல் அந்தப் பாலத்தில்தான் கேட்பார்கள். இத்தனை வருடம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேனே தவிர, ஏன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

இடது பக்கம் திருப்பினேன்.

மாமா சாக்ஸபோனைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். "கொல்லப் போற" என்றார். அந்தச் சாலையின் ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும். அன்றைக்கு ஓட்டின மாதிரி நான் என்றைக்கும் ஓட்டியதில்லை.

மஞ்சள் புல்வெளி முடிந்து பாறை ஆரம்பித்த இடத்தில் உருளை தீர்ந்துபோனது. சீறல் மெலிந்து, நின்றது. நோர்கா முகமூடியை எடுத்தாள். தம்பியின் தலை முன்னால் சரிந்தது. அவள் இரண்டு கையாலும் அவன் நெற்றியைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க..." என்றாள். "நிறுத்தாதீங்க அக்கா."

கண்ணாடியில் பார்த்தேன். அவன் முகம் சாம்பலாக இருந்தது. அவள் முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான். சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. வளைவு, வளைவு, அடுத்த வளைவு என்று மட்டும்தான் நினைத்தேன். காது அடைத்தது, திறந்தது. முதல் யூக்கலிப்டஸ் மரங்கள் வந்தன. கற்றாழைகள் வந்தன. ஆற்றின் சத்தம் பக்கத்தில் வந்தது.

முதலில் மாறியது அந்தச் சத்தம்தான். கொதிப்பது குறைந்து இருமலாக மாறியது. பிறகு இருமலுக்கு நடுவே வெறும் மூச்சு, ஈரமில்லாத சாதாரண மூச்சு, ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. மாமா அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். உதட்டின் ஊதா நிறம் ஓரத்திலிருந்து கரைந்துகொண்டு வந்தது. இப்போது அவனுக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை, காற்று அடைக்கவில்லை. சாலை இறங்கியது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத அந்த மயிரிழைக் குழாய்கள், நல்ல காற்று வருகிறது என்று தாமாகவே கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்துகொண்டிருந்தன. அவற்றுக்குச் சாலையும் தெரியாது, என்னையும் தெரியாது. ஆனால் என் வண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது என்னைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

உவாரியாக்கா பாலத்தில் சக்கரம் தடதடத்தது. பின்னாலிருந்து கரகரத்த குரல் கேட்டது.

"அக்கா... இங்க சூப்புக் கடை தெறந்திருக்குமா?"

பாலத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினேன். ஸ்டியரிங்கில் தலை வைத்து ஓவென்று அழுதேன். மாமா கதவைத் திறந்து இறங்கி, சாலையோரம் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து வந்து ஜன்னல் வழியாகத் தம்பியின் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"சூப்பாடா கேக்குற? என் உசுரக் குடிச்சிட்டு சூப்பு கேக்குற?"

"அடிக்காதீங்க மாமா, மூச்சு வாங்குது" என்றான் அவன். சிரிக்கப் பார்த்து இருமினான்.

உவானுக்கோ ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். பிற்பகல் வெயில் ஜன்னலில் விழுந்தது. நோர்கா மறுபடியும் குழாயை என் காதில் மாட்டினாள். அடியில் கொஞ்சம் பொரிகிற சத்தம் இன்னும் இருந்தது. ஆனால் மேலே முழுக்கக் காற்று. மூங்கில் தோப்புக்குள் காற்று போய்வருகிற சத்தம். ஒரு மனுஷனின் முதுகுக்குள் இவ்வளவு பெரிய வெளி இருக்கிறதா என்று வாய் பிளந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். போதும் என்று அவள் குழாயைப் பிடுங்கும்வரை தரவில்லை.

"ரெண்டு மூணு நாள்ல மிச்சத் தண்ணியும் வத்திடும், ஆனா இவரு இனிமே கடலுக்குப் போயிட்டு வந்தா நேரா மேல ஓடி வரக்கூடாது, நடுவுல இங்க மாதிரி ஒரு இடத்துல தங்கித் தங்கி ஏறணும், வந்த உடனே ஊதறேன் ஆடறேன்னு கெளம்பினாருன்னா நானே அந்த சாக்ஸபோன எடுத்து ஒளிச்சு வெச்சிருவேன், சொல்லிட்டேன்" என்றாள்.

நான் அவளையே பார்த்தேன். மாமாவும் பார்த்தார்.

"என்ன அக்கா? என்ன அப்படிப் பாக்கறீங்க?"

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தாள். அவள் குரல் கணீரென்று இருந்தது. வேகமாகப் பேசுகிற பெண், கிண்டல் தெரிந்த பெண். இத்தனை மாதம் எங்கள் ஊரில் இருந்தவளை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்திக்கிறேன் என்று தோன்றியது.

மாமா தம்பியோடு தங்கிவிட்டார். நோர்கா அப்போதே கிளம்ப வேண்டும் என்றாள். திருவிழா முடியவில்லை, மேலே வேறு டாக்டர் இல்லை.

"இன்னிக்கி ராத்திரி இங்க தங்கேன்" என்றேன். "நல்ல காத்து. ஒரு நாளாச்சும் நிம்மதியா மூச்சு விடு."

"குடிச்சிட்டுக் குன்றுலேர்ந்து உருளுறவங்கள யாரு பாப்பா? நீங்களா? வண்டிய எடுங்க அக்கா."

முன் இருக்கையில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். வழியிலுள்ள ஆம்போ ஊர் வரைக்கும் அவள் அம்மாவின் மீன்கடைக் கதை. அம்மா மீனின் செவுளைப் புரட்டிக் காட்டித்தான் விற்பாளாம். செவுள் சிவப்பாக இருந்தால் இன்னும் மூச்சு மறக்காத மீன் என்பாளாம். சின்ன வயதில் அந்தச் செவுளைப் பார்த்துப் பார்த்துத்தான் தனக்கு டாக்டர் ஆசையே வந்தது என்றாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் தன் அம்மா மாதிரியே கத்திக் காட்டினாள்.

உவாரியாக்கா பாலம் தாண்டியதும் வாக்கியம் இரண்டாக உடைந்தது. யூக்கலிப்டஸ் மரங்கள் முடிகிற இடத்தில் மூன்றாக உடைந்தது. அவள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் காட்டிக்கொள்ளவில்லை. "ஒரு நாள்... அம்மா என்ன பண்ணா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் நெஞ்சுக்குள் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவது எனக்குக் கேட்டது. இவள் இது தெரிந்தே ஏறி வருகிறாள். நாளைக்கும், அடுத்த வாரமும் இப்படித்தான் மூச்சு வாங்கப் போகிறாள், 'அரைவாக்கியம்' என்று பெயர் வைத்த எங்களுக்காக.

வெட்டவெளியில், மலை எல்லாம் சிவந்து கிடந்த ஒரு வளைவில், வண்டியை நிறுத்தினேன். பாட்டையும் நிறுத்தினேன்.

"ஏன்... நிறுத்திட்டீங்க?"

"எஞ்சின் சூடாயிருச்சு. கொஞ்சம் ஆறட்டும்."

எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"அம்மா என்ன பண்ணாங்க? மீதியச் சொல்லு" என்றேன்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, விட்டு விட்டு, மீதிக் கதையைச் சொன்னாள். முடிகிறவரை நான் வண்டியை எடுக்கவில்லை.